வருமுன் காக்கும் மருந்தும் மூளையின் அமைதியும்

புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தில் கதிரவனுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று வானத்திலிருந்து காய்வது. மற்றொன்று உப்பளப் பாத்திகளிலிருந்தும் களப்பின் நீர்ப்பரப்பிலிருந்தும் மேல்நோக்கி எறிப்பது. சிலாபத்தில் தொடங்கி, உடப்பு, முந்தல், பாலாவி, புத்தளம் என்னும் ஊர்களைக் கடந்து, கற்பிட்டி முனை வரை நீளும் அந்நிலத்தில், மீன் பிடிப்போரும், உப்பு விளைவிப்போரும், கருவாடு உலர்த்துவோரும், மணல் நிலத்தில் காய்கறி பயிரிடுவோரும் இவ்விரு முகங்களுக்கும் இடையில் நின்றே பாடுபடுகின்றனர். விடியுமுன் எழுதல், வேளை தவறி உண்ணல், வெயிலில் வியர்த்து நீர் வற்றல், கண் கூசும் ஒளி, குறைந்த உறக்கம் ஆகிய யாவும் அவர்களுடைய தொழிலோடு கூடப் பிறந்தவை.

இவற்றுள் எதுவும் தனித்து நின்று ஒரு நோயைப் படைப்பதில்லை. ஆனால், அந்நோய்க்கு இடங்கொடுக்கும் இயல்போடு பிறந்தவரிடத்தில், உறங்கிக் கிடக்கும் அதனைத் தட்டி எழுப்ப இவை போதுமானவை. அந்நோயே ஒற்றைத் தலையிடி. மேனாட்டார் இதனை மைக்கிரேன் என்பர். பாதித் தலை என்று பொருள்படும் பழைய கிரேக்கச் சொல்லொன்றின் சிதைவே அப்பெயர். ஆயினும், வலி எப்பொழுதும் ஒரு பக்கத்திலேயே நிற்கும் என்பதில்லை. சிலருக்கு இருபுறமும் வரும்.

உலக மக்களுள் ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர் இந்நோய்க்கு ஆளாகின்றனர். ஆண்களைக் காட்டிலும் பெண்களிடத்தில் இது ஏறத்தாழ மும்மடங்கு மிகுதி. மருந்தின்றி விட்டால் ஒரு தாக்குதல் 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். நாடித் துடிப்போடு சேர்ந்து தலை இடிக்கும், குமட்டும், ஒளியும் ஓசையும் பொறுக்க மாட்டா. நடந்தாலும் குனிந்தாலும் வலி பெருகும்.

உப்பளத்தில் நாட்கூலிக்கு வேலை செய்யும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். மாதத்தில் ஆறு நாள் அவர் இருட்டறையில் படுத்திருந்தால், ஆறு நாட் கூலி போயிற்று. கையில் கட்டு இல்லை. உடம்பில் காய்ச்சல் இல்லை. காட்டுவதற்குக் காயமும் இல்லை. ஆதலின், சோம்பலென்று சிலர் கூறுவர். கண்ணூறு என்று சிலர் கூறுவர். அவர் என்ன செய்வார்? கடைக்குப் பிள்ளையை அனுப்பி இரண்டு குளிசைகள் வாங்கி விழுங்குவார். வலி தணிந்தால் மறுநாள் மீண்டும் வெயிலுக்குச் செல்வார். இவ்வாறு ஆண்டுகள் பல கழியும்.

இத்தகையோருக்கு மருத்துவம் வேறொரு வழியையும் வைத்திருக்கிறது. வலி வந்தபின் விழுங்கும் மருந்து ஒருவகை; வலி இல்லாத நாளிலும் நாள்தோறும் உட்கொண்டு, வலி வருவதையே குறைக்கும் மருந்து மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகையைத் தடுப்பு மருத்துவம் என்கிறோம். இது மூளையில் என்ன செய்கிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள். அதனை அறிந்துகொண்டவர், ஐந்து நாள் மருந்தெடுத்துப் பயனில்லை என்று குளிசைகளை வீசிவிட மாட்டார்.

முதலில், நோயின் போது மூளையில் நிகழ்வதைக் காண்போம்.

ஒற்றைத் தலையிடி உள்ளோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அல்லது மூன்றில் ஒருவருக்கு, வலிக்கு முன்னர்க் கண்ணில் ஒரு மாயத் தோற்றம் எழும். பார்வையின் நடுவில் ஒரு சிறு மினுக்கம் தோன்றும். அது வளைந்து, கோட்டை மதில் போன்ற பல்விளிம்பு பெற்று, மெல்ல மெல்லப் பெருகிப் பார்வையின் ஓரத்துக்கு நகரும். அது கடந்த இடத்தில் சிறிது நேரம் ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் இருபது முப்பது நிமிடங்களில் யாவும் தெளிந்துவிடும். முதன்முறை இதனைக் காண்போர் கண்ணொளி போயிற்றென்றே அஞ்சுவர். உண்மையில், இது கண்ணில் நிகழ்வதன்று. தலையின் பின்புறத்திலே, பார்வைக்கு உரிய மூளைப் பகுதியில் நிகழ்வது.

1941ஆம் ஆண்டில், கார்ல் லாஷ்லி என்னும் அமெரிக்க உளவியலறிஞர், தம் பார்வையில் தோன்றிய இம்மினுக்கத்தைக் காலங் குறித்து வரைந்து வைத்தார். அது நகர்ந்த விரைவைக் கணக்கிட்டு, மூளையின் மேற்புறணியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வீதம் ஊர்ந்து செல்கிறது என்று கூறினார். 1944ஆம் ஆண்டில், பிரேசில் நாட்டவராகிய அரிஸ்டிடிஸ் லியாவ், வலிப்பு நோயை ஆராயும் நோக்கத்தோடு முயலின் மூளையைச் சோதித்துக்கொண்டிருந்தார். அப்போது, தூண்டப்பட்ட இடத்தில் மின்செயல் அடங்கி, அவ்வடக்கம் ஓர் அலைபோல் நாற்புறமும் மெல்லப் பரவுவதைக் கண்டார். அதன் விரைவும் நிமிடத்துக்குச் சில மில்லிமீற்றர்களே. ஒருவர் தம் கண்ணால் கண்டதும் மற்றவர் முயலின் மூளையில் கண்டதும் ஒன்றாயிருக்கலாம் என்று 1958ஆம் ஆண்டில் மில்னர் என்பவர் சுட்டிக்காட்டினார். பின்னர், 2001ஆம் ஆண்டில், காந்தக் கருவியால் மனித மூளையைப் படம் பிடித்தோர், மினுக்கம் தோன்றிய நேரத்தில் பார்வைப் புறணியில் அதே மெல்லிய நடையோடு ஒரு மாற்றம் பரவுவதைக் கண்டனர்.

ஆகவே, இவ்வலையின் கணக்கு எளியது. நிமிடத்துக்கு 3 மில்லிமீற்றர் என்றால், இருபது நிமிடத்தில் 6 சென்ரிமீற்றர். மினுக்கம் இத்துணை நேரம் பிடிப்பதன் காரணம் இதுவே. நரம்பணுக்கள் முதலில் ஒருங்கே கிளர்ச்சியுற்று, பின் ஓய்ந்து கிடக்கின்றன. கிளர்ச்சி செல்லும் இடமெல்லாம் மினுக்கம். ஓய்வு தொடரும் இடமெல்லாம் குருட்டுத் திட்டு.

அவ்வாறாயின், மினுக்கம் காணாத பிறருடைய மூளையில் எதுவும் இல்லையா? உண்டு. கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவன் அலையோசையைக் கேட்பதில்லை. ஓசை நின்றுவிடவில்லை, அவன் மூளை அதற்குப் பழகிப்போயிற்று. ஒரே தூண்டலை மீண்டும் மீண்டும் பெறும் மூளை, வரவரச் சிறிய விடையே தருவது இயல்பு. ஒற்றைத் தலையிடி உள்ளோரின் கண்முன் கட்டமிட்ட பலகையை மாறி மாறிக் காட்டி, மூளையின் மின்னலைகளைப் பதிந்த ஆராய்ச்சியாளர் பலர், வலியற்ற நாட்களில்கூட அவர்களுடைய மூளை இவ்வாறு எளிதிற் பழகுவதில்லை என்று கண்டனர். அந்த மூளைக்கு நூறாவது அலையும் முதலாவது அலைபோலவே கேட்கிறது.

இன்னும் ஒன்று. 2016ஆம் ஆண்டில், ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்து ஆய்வாளர்கள், ஒரே நோயாளியின் மூளையை முப்பது நாள் நாள்தோறும் படம் பிடித்தனர். தலையிடி தொடங்குவதற்கு முந்திய நாளிலேயே, மூளையின் அடித்தளத்திலுள்ள ஹைப்போதலமஸ் என்னும் சிறு பகுதியின் செயல் மாறியிருந்தது. பசி, தாகம், உறக்கம் ஆகியவற்றை ஆளும் பகுதி அது. தலையிடிக்கு முன் சிலருக்குக் கொட்டாவியும் இனிப்பில் ஆசையும் களைப்பும் தோன்றுவதை இதனோடு சேர்த்து நோக்கலாம்.

உப்பு விளைவிப்போருக்கு இது விளங்காத செய்தி அன்று. பாத்தியில் உப்புப் பூத்த நாளே உப்பு உண்டாகத் தொடங்கிய நாள் ஆகாது. நீர் பாத்தி பாத்தியாக மாறி, வெயிலில் நாட்கணக்காக வற்றிச் செறிந்து, ஓர் எல்லையைத் தாண்டியபின்னரே வெண்மை தெரிகிறது. தலையிடியும் அத்தகையதே. வலி என்பது கடைசிப் பாத்தி.

இப்பொழுது மருந்துகளுக்கு வருவோம்.

வலி வந்தபின் கொடுக்கும் மருந்து எங்கே வேலை செய்கிறது? 1995ஆம் ஆண்டில் ஜேர்மனியில் ஒன்பது நோயாளிகளைத் தாக்குதலின் நடுவே படம் பிடித்தபோது, மூளைத்தண்டின் ஒரு பகுதியில் இரத்த ஓட்டம் மிகுந்திருந்தது. சுமாட்ரிப்டான் என்னும் மருந்தைச் செலுத்தினர். வலி நீங்கியது, ஒளிக்கூச்சமும் நீங்கியது. ஆனால் மூளைத்தண்டின் அச்செயற்பாடு அப்படியே இருந்தது. மேலே அலை அடங்கியது. கீழே நீரோட்டம் ஓடிக்கொண்டேயிருந்தது. வலி நீக்கி மருந்து தன் கடமையைச் செம்மையாகச் செய்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், அடுத்த தாக்குதலைத் தடுப்பது அதன் கடமை அன்று.

தடுப்பு மருந்துகளின் வரலாறு விந்தையானது. அவற்றுள் பல, வேறு நோய்களுக்காகப் பிறந்தவை. புறோப்பிரானலோல் என்பது இதய நோய்க்காக 1960களில் உருவாக்கப்பட்டது. 1966ஆம் ஆண்டில், நெஞ்சுவலிக்கு அதனைக் கொடுத்துப் பார்த்தபோது, ஒரு நோயாளிக்கிருந்த ஒற்றைத் தலையிடியும் தணிந்தது. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு வந்த மருந்து. வல்புறோவேற்றும் டொப்பிரமேற்றும் வலிப்பு நோய்க்கு வந்தவை. ஒன்றுக்கொன்று உறவில்லாத இம்மருந்துகள் யாவும் ஒரே நோயைத் தடுப்பது எவ்வாறு?

2006ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதற்கு ஒரு விடை தந்தது. அமெரிக்காவில், மேற்கூறிய நான்கு மருந்துகளையும் மெதிசேர்ஜைட் என்னும் பழைய மருந்தையும் எலிகளுக்கு நாள்தோறும் வாரக் கணக்கில் கொடுத்து, பின்னர் அவற்றின் மூளையில், லியாவ் கண்ட அந்த அலையை எழுப்ப முயன்றனர். ஐந்து மருந்துகளும் அலைகளின் தொகையை 40 முதல் 80 சதவீதம் வரை குறைத்தன. ஓர் அலையை எழுப்புவதற்கு முன்னிலும் வலிய தூண்டல் வேண்டியதாயிற்று. ஒரே ஒருமுறை கொடுத்தபோதோ மருந்து எதனையும் செய்யவில்லை. கொடுத்த காலம் நீள நீளத்தான் பயன் மிகுந்தது. புறோப்பிரானலோலின் மூலக்கூறுக்குக் கண்ணாடிப் பிம்பம் போன்ற மற்றொரு வடிவம் உண்டு. அது தலையிடியைத் தடுக்காத வடிவம். அதனைக் கொடுத்தபோது எலியின் மூளையில் அலையும் குறையவில்லை.

எலி மனிதன் அன்று என்பது உண்மையே. ஆயினும், மருத்துவர்கள் நோயாளிகளிடத்தில் நெடுங்காலமாகக் கண்டுவந்ததோடு இது பொருந்துகிறது. மனிதரிலும் இம்மருந்துகள் பயன்தர வாரங்கள் வேண்டும். பீட்டா தடுப்பான் எனப்படும் புறோப்பிரானலோல் இனத்து மருந்துகளை மாதக் கணக்கில் உட்கொண்டோரின் மூளை மின்னலைகளைப் பதிந்தபோது, ஒலிக்கு அவர்களது மூளை தந்த மிகை விடை தணிந்து, பிறருடையதை நெருங்கியிருந்தது. சுருங்கக் கூறின், வலி நீக்கி வெள்ளத்தை இறைத்து ஊற்றுகிறது. தடுப்பு மருந்து வரம்பை உயர்த்துகிறது. வரம்பை ஒரே இரவில் உயர்த்த இயலாது.

அண்மைக் காலத்தில் புதிய இனத்து மருந்துகள் தோன்றியுள்ளன. தலையிடியின் போது, முகத்துக்கும் மூளையுறைக்கும் செல்லும் நரம்பின் நுனிகளிலிருந்து, சீ.ஜீ.ஆர்.பீ. என்று சுருக்கமாக வழங்கும் ஒரு சிறு புரதம் சுரக்கிறது. தாக்குதலின் போது கழுத்து நாளத்து இரத்தத்தில் இது மிகுவதை 1990ஆம் ஆண்டளவில் கண்டனர். இதனை மறிக்கும் எதிர்ப்பொருள் ஊசிகளுள் முதலாவதாகிய எரெனுமாப், 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. இவ்வெதிர்ப்பொருள்கள் மிகப் பெரிய மூலக்கூறுகள். இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை இவை மிகச் சிறிதளவே கடக்கும். மூளைக்குள் நுழையாத மருந்து மூளையை மாற்றுமா?

ஹம்பேர்க் ஆய்வாளர்கள் இதனைச் சோதித்தனர். நோயாளிகளின் மூக்கில் அமோனியா வாயுவைச் சிறிது செலுத்தி, அக்காரம் மூளையில் எழுப்பும் செயற்பாட்டை ஊசிக்கு முன்னும், ஊசி போட்டுச் சில வாரம் கழிந்த பின்னும் படம் பிடித்தனர். 2020ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு இது: வலிச்செய்தியைக் கையேற்று அனுப்பும் தலமஸ் பகுதியிலும், சிறுமூளையிலும், வேறு சில இடங்களிலும் செயற்பாடு குறைந்திருந்தது. ஊசியால் நற்பயன் பெற்றோரிடத்தில் ஹைப்போதலமஸின் செயற்பாடும் தணிந்திருந்தது. 2022ஆம் ஆண்டில், எரெனுமாப்பையும் கல்கனெசுமாப் என்னும் மற்றோர் ஊசியையும் ஒப்பிட்டனர். ஒன்று புரதம் வந்து பொருந்தும் வாயிலை அடைக்கிறது. மற்றொன்று புரதத்தையே பற்றிக்கொள்கிறது. இரண்டும் மூளையின் செயற்பாட்டை மாற்றின. ஆனால், மாற்றிய முறை முற்றிலும் ஒன்றாயில்லை. வாயிலில் ஆரவாரம் அடங்கினால் வீட்டினுள்ளும் அமைதி பிறக்கும் என்பதே இதிலிருந்து பெறத்தக்க கருத்து.

இவ்வூசிகள் விலை மிகுந்தவை. ஆனால், முன் கூறிய பழைய குளிசைகளோ விலை குறைந்தவை. எனவே, தடுப்பு மருத்துவம் செல்வர்க்கு மட்டும் உரியதென்று எண்ணி எவரும் பின்வாங்க வேண்டுவதில்லை.

அப்படியாயின், யாருக்கு இது வேண்டும்? மாதத்தில் நான்கு நாளோ அதற்கு மேலோ தலையிடி வருவோரும், குறைந்த நாளே வந்தாலும் வேலையும் வாழ்வும் குலைவோரும் வைத்தியரிடம் இதுபற்றிக் கேட்கலாம். சுவரில் தொங்கும் நாட்காட்டியே இதற்கு நல்ல சான்று. தலையிடி வந்த நாளில் ஒரு புள்ளியும், குளிசை விழுங்கிய நாளில் ஒரு கோடும் இட்டு வைத்து, சிலாபத்திலோ புத்தளத்திலோ வைத்தியசாலைக்குச் செல்லும்போது அதனையும் எடுத்துச் செல்லுங்கள். நினைவிலிருந்து கூறும் பத்து வார்த்தைகளைவிட அந்தப் புள்ளிகள் வைத்தியருக்கு அதிகம் கூறும்.

அக்கோடுகள் மற்றோர் உண்மையையும் காட்டும். நம் கடைகளில் பனடோல் என்ற பெயரால் வழங்கும் பரசிட்டமோல் போன்ற எளிய வலி நீக்கிகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து உட்கொண்டால், அம்மருந்தே தலையிடியைப் பெருக்கக் கூடும். டிரிப்டான் இனத்து மருந்துகளுக்கும் கலப்பு மருந்துகளுக்கும் அவ்வெல்லை 10 நாள். தணிக்க எடுத்ததே தூண்டுவதாக மாறும் இந்நிலையில், கடைக்குப் பிள்ளையை மீண்டும் அனுப்புவது தீர்வாகாது.

தடுப்பு மருந்து தொடங்கினால், மூன்று செய்திகளை மனத்திற் கொள்ளுங்கள். முதலாவது, பொறுமை. உரிய அளவை எட்டியபின் இரண்டு மாதமேனும் பார்த்த பின்னரே பயன் உண்டா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது, எதிர்பார்ப்பின் அளவு. தலையிடி அடியோடு மறைவது அரிது. நாட்கள் பாதியாகக் குறைந்தால் அதுவே வெற்றி. ஆறு நாள் மூன்றாகுமாயின், நாம் எண்ணிப் பார்த்த அத்தாய்க்கு மாதம் மூன்று நாட் கூலி மீண்டது. மூன்றாவது, தானே தொடங்குதலும் தானே நிறுத்துதலும் கூடா. பயன் கண்டபின்னும் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தொடர்ந்து, பின்னர் வைத்தியர் சொற்படி மெல்லக் குறைப்பதே முறை.

ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு விலக்கு உண்டு. தொய்வு எனப்படும் ஆஸ்துமா உள்ளோருக்குப் புறோப்பிரானலோல் ஆகாது. அமிட்ரிப்டிலின் தூக்கத்தைத் தரும். இரவில் படகேறுவோர் இதனை வைத்தியரிடம் முன்னரே கூறுதல் வேண்டும். டொப்பிரமேற் விரல்களில் விறுவிறுப்பையும், சிலருக்குச் சிறுநீரகக் கல்லையும் உண்டாக்கும். வியர்வையையும் குறைக்கக் கூடும். வெயிலில் உழைப்போர் நீர் மிகுதியாகப் பருக வேண்டும். வல்புறோவேற்றும் டொப்பிரமேற்றும் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்பவை. கருவுறக் கூடிய பெண்கள் இதனை மறவாது கேட்டறிய வேண்டும். கண்ணில் மினுக்கம் காணும் பெண்கள், கருத்தடைக் குளிசை தொடங்குமுன் அதனைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுதல் நன்று. ஈஸ்திரஜன் கலந்த குளிசை அத்தகையோருக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டுகிறது.

மருந்தோடு ஒழுங்கும் சேரவேண்டும். வேளைக்கு உணவு, போதிய நீர், ஒரே நேரத்தில் உறக்கம், ஒளியை மறைக்கும் தொப்பியோ முக்காடோ ஆகியவை எளியவை. நோன்பும் விரதமும் நோற்போர், அக்காலம் வருமுன்னரே வைத்தியரோடு கலந்து மருந்து வேளைகளை அமைத்துக்கொள்ளலாம்.

எச்சரிக்கை ஒன்று எஞ்சியுள்ளது. வாழ்நாளில் அறியாத கடுமையோடு திடீரென வெடிக்கும் தலையிடி, காய்ச்சலும் கழுத்து இறுக்கமும் கூடிய தலையிடி, கைகால் சோர்வோ பேச்சுக் குளறலோ சேர்ந்த தலையிடி, ஐம்பது வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கும் தலையிடி ஆகிய இவற்றை ஒற்றைத் தலையிடி என்று எண்ணி வீட்டிலிருத்தல் தகாது. முதல் மூன்றுக்கும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நான்காவதற்கும் காலந் தாழ்த்தாது வைத்தியரைக் காணுங்கள்.

நேயர்களே, இந்நோய் கண்ணுக்குத் தெரியாதது என்பதனால் இல்லாதது ஆகிவிடாது. அந்த அலையை இன்று அளக்கிறார்கள். அதன் விரைவைச் சொல்கிறார்கள். மருந்து மூளையின் செயற்பாட்டைத் தணிப்பதைப் படத்தில் காட்டுகிறார்கள். ஆகவே, இருட்டறையில் படுத்திருப்பவரைச் சோம்பலென்று இனி எவரும் பழித்தல் வேண்டா. மருந்தெடுத்து இரண்டாம் வாரத்தில் மனந்தளர்ந்து நிற்கும் ஒருவர் உங்கள் வீட்டிலிருந்தால், வரம்பு இன்னும் உயர்ந்துகொண்டிருக்கிறது, பொறுங்கள் என்று அவருக்குச் சொல்லுங்கள்.